மூன்றாவது பத்தியை எழுதியது யார்?

நான் ஒரு பள்ளியில் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஆண்டில் பத்து மாதங்கள் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. இதை உறவினர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. "அப்படியென்றால் சீட் வாங்கித் தருவாயா?" என்று கேட்பார்கள். முடியாது என்றால், "பிறகு எதற்குச் சம்பளம்?" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வி என்னையும் உறுத்திக்கொண்டே இருந்தது. வாங்கும் சம்பளத்துக்கு ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்ற அந்த அவசரத்தில்தான் என் முதல் பெரிய தவறைச் செய்தேன்.

அந்த மாணவன் கணக்கில் கெட்டிக்காரன், பேச்சில் கஞ்சன். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தில் 650 சொற்களுக்கு மிகாமல் ஒரு கட்டுரை கேட்பார்கள். அவன் கொண்டுவந்த கட்டுரை பஸ்ஸைப் பற்றியது. பள்ளி பஸ் தினமும் எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று மூன்று ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்துவந்திருக்கிறான். மழை நாள், தேர்வு நாள், ஓட்டுநர் மாறிய நாள் என்று தனித்தனியாகக் கட்டம் போட்டிருக்கிறான். கட்டுரையோ மின்வாரிய அறிக்கைபோல வறண்டு கிடந்தது.

எனக்குக் கை துறுதுறுத்தது. கல்லூரி நாட்களில் கொஞ்சம் கவிதை எழுதியவள் நான். மூன்றாவது பத்தியை முழுவதும் அழித்துவிட்டு, காத்திருத்தலைப் பற்றிச் சொந்தமாக ஒரு பத்தி எழுதினேன். "தாமதம் என்பது காலம் நமக்குத் தரும் கடன்" என்று அதில் ஒரு வரி. அன்று அந்த வரியை எழுதிவிட்டு நான் அடைந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவன் படித்துப் பார்த்தான். "நன்றாக இருக்கிறது மிஸ்" என்று சொல்லிவிட்டு அப்படியே அனுப்பினான்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர் அவனை நேர்காணல் செய்தார். கட்டுரையில் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது அந்த ஒரு வரிதானாம். அதைக் கொஞ்சம் விளக்கும்படி கேட்டிருக்கிறார். பையன் அரை நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எங்கள் ஆலோசகர் எழுதியது" என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

அங்கே அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்பது யாருக்கும் தெரியாது. கல்லூரிகள் காரணம் சொல்வதில்லை. ஆனால் நேர்காணல் முடிந்த மறுநாள் என் அறைக்கு வந்து, கோபமே இல்லாமல் அவன் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை: "அந்த நோட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன் மிஸ்."

நானும் அவனிடம் அந்த நோட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து மாணவர்களின் கட்டுரைமேல் நான் பேனா வைப்பதில்லை. முதல் சந்திப்பில் மடிக்கணினியை மூடச் சொல்லிவிடுகிறேன். யாரும் சொல்லாமல் நீயாகச் செய்யும் வேலை எது, எதைப் பற்றிப் பேசினால் வீட்டில் 'போதும் நிறுத்து' என்பார்கள், போன வருடம் எந்த விஷயத்தில் உன் எண்ணம் மாறியது என்று கேட்டுக்கொண்டே போவேன். முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் வீண். இணையத்தில் படித்த பதில்களைத்தான் ஒப்பிப்பார்கள். தலைமைப் பண்பு, குழுவாகச் செயல்படுதல், சமூக சேவை. பிறகு ஏதோ ஓர் இடத்தில் குரல் மாறும், வேகம் கூடும், கை அசையத் தொடங்கும். அந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்வேன்.

கட்டுரை வந்த பிறகு அதை அவர்களே உரக்கப் படிக்க வேண்டும். தான் பேசாத மொழியில் எழுதிய வரி வரும்போது நாக்கு தானாகவே இடறும். நான் சொல்லிக் காட்ட வேண்டிய தேவையே இருக்காது. எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவேன், 'இங்கே எனக்குப் புரியவில்லை' என்று சொல்வேன், 'அப்போது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?' என்று ஓரத்தில் கேள்வி எழுதுவேன். மாற்று வாக்கியம் மட்டும் தர மாட்டேன். இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அது எழுதித் தந்ததைத் தன்னுடையதாகக் காட்டுவது மோசடி என்று காமன் ஆப் தன் விதிகளிலேயே சேர்த்துவிட்டது. விதியைக் காட்டி மிரட்டுவதைவிட, 'தாமதம் என்பது காலம் தரும் கடன்' கதையைச் சொல்வதே நன்றாக வேலை செய்கிறது. அந்தச் செயலி எழுதும் வரிகளும் அன்று நான் எழுதிய வரியைப் போலவேதான் இருக்கின்றன.

இதே பஸ் நோட்டு பிரிட்டனுக்குப் போனால் கதை வேறு. அங்கே 'யூகாஸ்' என்ற ஒரே அமைப்பு வழியாக ஐந்து விண்ணப்பங்கள்வரை அனுப்பலாம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. 2026 சேர்க்கையிலிருந்து பழைய நீள்கட்டுரையை எடுத்துவிட்டு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள்: இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய், இதுவரை படித்தது இதற்கு எப்படி உன்னைத் தயார்ப்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள். அமெரிக்கக் கட்டுரை 'நீ யார்' என்று கேட்கிறது, பிரிட்டன் 'இந்தப் பாடத்தில் உனக்கு எவ்வளவு பிடிப்பு' என்று கேட்கிறது. அமெரிக்காவுக்கு அந்த நோட்டு ஒரு பொறுமைசாலியின் குணத்தைக் காட்டும். பிரிட்டனுக்கு அதில் உள்ள புள்ளியியலை எழுத வேண்டும்: சராசரி என்ன, எந்த நாட்கள் அதிலிருந்து விலகின, ஏன். இரண்டுக்கும் ஒரே கட்டுரையை வெட்டி ஒட்டுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இரண்டாவது தவறு பணம் பற்றியது. உண்மையில் இதுதான் பெரிய தவறு, ஏனென்றால் இதற்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி.

பெற்றோரிடம் வருமானத்தைக் கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு மாணவியின் அப்பா முதல் சந்திப்பிலேயே, "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நல்ல கல்லூரியாகப் பாருங்கள்" என்றார். விண்ணப்பத்தில் 'நிதியுதவி தேவையா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குறித்து அனுப்பினோம். மார்ச்சில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஏப்ரலில் அவள் அப்பா தனியாக வந்தார். கல்விக் கட்டணத்தை மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தார். தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, புத்தகம், விமானப் பயணம், ஆண்டுதோறும் ஏறும் கட்டணம் எதுவும் அவர் கணக்கில் இல்லை. "இப்போது உதவி கேட்கலாமா?" என்றார். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு உதவி கிடையாது என்று பல அமெரிக்கக் கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. அந்தக் கல்லூரியும் அப்படித்தான். அந்த விதி எனக்குத் தெரியும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அவள் அங்கே போகவில்லை.

இப்போது பெற்றோருடனான முதல் சந்திப்பே பணம்தான். "உங்கள் வருமானத்தைக் கேட்கவில்லை. கடன் வாங்காமல், வாங்கினாலும் தூக்கம் கெடாமல், நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும்? ஒரு தொகை சொல்லுங்கள்" என்பேன். பிள்ளையும் அதே அறையில் இருக்க வேண்டும். சில வீடுகளில் அந்தத் தொகையைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்பது என் அறையில்தான். ஓரிரு நிமிடம் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். அந்தச் சங்கடம் செப்டம்பரில் வந்தால் தாங்கிக்கொள்ளலாம், ஏப்ரலில் வந்தால் முடியாது.

தொகை தெரிந்துவிட்டால் பட்டியலே மாறிவிடும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற வெகுசில கல்லூரிகள் மட்டுமே, வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டிருக்கிறாரா என்பதைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்து, தேவையான உதவியை முழுவதும் தருகின்றன. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது வேறு விஷயம். மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் உதவி கேட்பது சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கலாம். இதைக் கேட்டதும் "அப்படியானால் கேட்காமலே விடுவோமே" என்று பெற்றோர் சொல்வார்கள். கட்ட முடியாத கல்லூரியில் இடம் கிடைத்து என்ன பயன்? அமெரிக்க மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைத் தருவதற்கு முன்பே, முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கல்லூரி ஆதாரம் கேட்கும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. இளநிலைப் படிப்புகளும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே இது தெரிந்தால் மொழி கற்க நேரம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் தெரிந்தால் பெருமூச்சு விடுவதற்கு மட்டுமே நேரம் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளின் 'எர்லி டெசிஷன்' பற்றி ஒரு வார்த்தை. நவம்பரில் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும், 'இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன்' என்று உறுதி சொல்லி விண்ணப்பிக்கும் முறை இது. மாணவர், பெற்றோர், ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். தரும் உதவி போதாதபோதுதான் அதிலிருந்து விலக முடியும். வேறு கல்லூரிகள் தரும் உதவியோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை என்பதால், பணம் ஒரு கேள்வியாக இருக்கும் வீட்டுக்கு நான் இதைத் தயங்கித்தான் பரிந்துரைக்கிறேன். வாய்ப்பு கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஓடி வருபவர்களிடம், மூன்றாவது கையெழுத்து என்னுடையது என்பதை நினைவூட்டுகிறேன்.

பட்டியல் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு தந்தை தரவரிசையில் முதல் பதினேழு கல்லூரிகளை அப்படியே அச்சடித்துக் கொண்டுவந்தார். காமன் ஆப்பில் இருபதுவரை சேர்க்கலாம், அதனால் இன்னும் மூன்று பாக்கி என்றார். தரவரிசையை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு நான் கொலம்பியா பல்கலைக்கழகக் கதையைச் சொல்வேன். 2022இல் அங்கே பணியாற்றும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் தரவரிசைக்காகக் கொடுத்த புள்ளிவிவரங்களையே சரிபார்த்துக் கேள்வி எழுப்பினார். பல்கலைக்கழகமும் பிறகு தவறுகளை ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்தது, அடுத்த பட்டியலில் 18க்கு இறங்கியது. அந்த ஆண்டில் அங்கே வகுப்பறையோ ஆசிரியரோ மாறிவிடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பட்டியலில் உள்ள கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் மட்டும் இடம் கிடைத்தால், எதுவானாலும் முகம் சுளிக்காமல் போவாயா? போக மாட்டாய் என்றால் அந்தப் பெயரை அடித்துவிடு. பிறகு ஒவ்வொரு கல்லூரியின் முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் திறந்து, எந்த நான்கு பாடங்களை எடுப்பாய் என்று எழுதிவரச் சொல்வேன். நான்கு பாடம் தேறாத கல்லூரிகள் அதோடு உதிர்ந்துவிடும். பதினேழு கல்லூரி கொண்டுவந்த அந்த வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தபோது பட்டியலில் ஆறுதான் இருந்தன. மேலும் இரண்டு பெயர்களை அவளே தேடிச் சேர்த்திருந்தாள். அந்த இரண்டையும் அவள் அப்பா கேள்விப்பட்டதேயில்லை.

ஆலோசகரின் கண்ணுக்குத் தெரியாத வேலை காகித வேலை. மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம், அரையாண்டு அறிக்கை, இவற்றோடு பள்ளி விவரக் குறிப்பு என்று ஒன்று. நம் பள்ளியில் 85 மதிப்பெண் என்றால் என்ன பொருள், எத்தனை பேர் அதற்கு மேல் எடுக்கிறார்கள், எந்தப் பாடங்கள் இங்கே கிடையாது என்பதையெல்லாம் தொலைவில் இருந்து படிப்பவருக்கு விளக்குவது அதுதான். இயற்பியல் ஆய்வகமே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளையிடம் ஆய்வக அனுபவத்தைத் தேட மாட்டார்கள். ஆனால் ஆய்வகம் இல்லை என்பதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? ஒருமுறை ஓர் அரையாண்டு அறிக்கையை அனுப்ப மறந்தேன். நல்ல வேளையாகக் கல்லூரியே மின்னஞ்சல் அனுப்பி நினைவூட்டியது. அதன் பிறகு சுவரில் பெரிய காலண்டர் ஒன்று தொங்குகிறது.

பரிந்துரைக் கடிதத்துக்கும் கேள்விதான் உதவுகிறது. 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். வகுப்பாசிரியரிடம் போய், "இவனைப் பற்றி இப்போது சட்டென்று நினைவுக்கு வரும் ஒரு நாள் எது?" என்று கேட்பேன். அந்த ஒரு நாள் போதும். அப்படி ஒரு நாளை ஆசிரியர் நினைவில் வைத்திருக்க வேண்டுமானால், கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்கக் கூடாது. இது பிள்ளைகளுக்கு.

எல்லாப் பள்ளியிலும் இந்த வேலைக்கு ஆள் இருப்பதில்லை. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. அந்த நாட்டின் சராசரியே அதைத் தாண்டித்தான் இருக்கிறது. அதனால் குடும்பங்கள் வெளியே ஆள் தேடுகின்றன. அப்படித் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுக்குப் பணம் யார் தருகிறார்கள்?" என்பதுதான். மாணவரிடம் கட்டணம் வாங்காத முகவர்கள் பலர், மாணவரைச் சேர்த்ததற்காகப் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகள் உள்நாட்டு மாணவரைச் சேர்க்க இப்படித் தலைக்கு இவ்வளவு என்று தருவதற்கு 1992 முதல் சட்டத் தடை இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் விலக்கு உண்டு. கமிஷன் வாங்குவதாலேயே ஒருவர் கெட்டவராகிவிட மாட்டார். நல்ல முகவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் காட்டும் பட்டியலில் எத்தனை கல்லூரிகள் அவருக்குக் கமிஷன் தராதவை என்று கேட்டுப் பாருங்கள். கேள்விக்கு முகம் கோணினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இடம் உறுதி என்று சொல்பவரிடம் உட்காரவே வேண்டாம். அப்படி உறுதி கொடுத்த ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், தேர்வில் ஆள்மாற்றியும், விளையாடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டியும், பெற்றோரிடம் 2.5 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2019 மார்ச்சில் வழக்கு வெளியே வந்தது, 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. அதில் சிக்கிய சில பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரில் நடந்தது என்ன என்பதே தெரியாது. அதைப் படித்தபோது எனக்கு அந்த மூன்றாவது பத்திதான் நினைவுக்கு வந்தது. நான் செய்தது குற்றமல்ல, தெரியும். பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவன் பெயரில் பெரியவர்கள் வேலை செய்ததில், அளவு வேறாக இருந்தாலும், எனக்கும் பங்குண்டு என்று தோன்றியது.

முடிவுகள் வரும் நாட்களில் நான் அதிகம் பேசுவதில்லை. கதவைத் திறந்து வைத்திருப்பேன், மேசையில் காகிதக் கைக்குட்டை இருக்கும். 'எல்லாம் நன்மைக்கே' என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. அடுத்த நாள் வேலை தொடங்கும்: காத்திருப்போர் பட்டியலில் தொடர்வதாகப் பதில் எழுத வேண்டும், மே 1க்குள் ஒரு கல்லூரிக்கு மட்டும் முன்பணம் கட்ட வேண்டும். இரண்டு இடத்தில் கட்டி வைப்பது நேர்மையில்லை, அந்த இன்னோர் இடத்துக்கு வேறு யாரோ காத்திருக்கிறார்கள்.

முன்பணம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் கோடையில் தவறவிடுகிறார்கள். தடுப்பூசிச் சான்று, விடுதிப் படிவம், விசா நேர்காணல் நாள், பாடப் பதிவு எல்லாமே கல்லூரி கொடுத்த புது மின்னஞ்சல் முகவரிக்கு வரும். பிள்ளைகள் அதைத் திறப்பதேயில்லை. ஜூன், ஜூலையில் வாரம் ஒருமுறை எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புகிறேன்: "அந்த மின்னஞ்சலைத் திறந்தாயா?"

போன ஆகஸ்ட் இறுதியில் நள்ளிரவு தாண்டி ஒரு பையனிடமிருந்து செய்தி வந்தது. விடுதிக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. "மிஸ், இங்கே துணி துவைக்கும் இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று தெரியவில்லை." பதில் எழுத ஆரம்பித்தேன். பிறகு அழித்துவிட்டு, "பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. காலையில் பார்த்தால் ஒரு படம் மட்டும் வந்திருந்தது: சுழலும் இயந்திரத்தின் முன்னால் தரையில் இரண்டு ஜோடிக் கால்கள்.